ரெஸ்டிக் பதிப்பு உயர்வும் களஞ்சிய மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெஸ்டிக், கட்டளை வரியில் இயங்கும் பேக்கப் மென்பொருள். அலெக்சாண்டர் நாய்மன் தொடங்கிவைத்த திறந்த மூலத் திட்டம். கோ மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ், மேக், விண்டோஸ் எதுவானாலும் ஒரே ஒரு கோப்பாக வந்து உட்கார்ந்துவிடும். என் வீட்டுக் கணினியையும் ஒரு சிறிய அச்சகத்தின் இரண்டு கணினிகளையும் பல ஆண்டுகளாக இதை நம்பித்தான் விட்டிருக்கிறேன். பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் 'ரெஸ்டிக் ஹெல்ப்' என்று கேளுங்கள், முழுப் பட்டியலும் வந்துவிடும்.

ரெஸ்டிக்கைப் புதுப்பித்தால் என் பழைய பேக்கப் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. பாதிப் பயம் இங்கேதான் பிறக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். களஞ்சியம் என்பது ரெஸ்டிக் உங்கள் பேக்கப் தரவைச் சேமித்து வைக்கும் இடம். வடிவம் என்பது அங்கே தரவு எழுதப்படும் முறை. மென்பொருளின் பதிப்பு வேறு, களஞ்சியத்தின் வடிவம் வேறு. 2022 ஆகஸ்டில் வந்த 0.14.0 பதிப்புதான் களஞ்சிய வடிவம் 2-ஐக் கொண்டுவந்தது. அதற்கு முன் உருவான களஞ்சியங்கள் எல்லாம் வடிவம் 1. புதிய ரெஸ்டிக், வடிவம் 1-ஐ அப்படியே படிக்கும், அப்படியே எழுதும். நீங்களாகச் சொல்லாதவரை அதை மாற்றாது.

ஆக, உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒரே இரவில் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் மென்பொருளை மட்டும் எல்லாக் கணினிகளிலும் புதுப்பியுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் பேக்கப் ஓடட்டும். பிறகு களஞ்சியத்தின் வடிவத்தை மாற்றுங்கள். அப்போதுதான் ஏதாவது பிசகினால் எதனால் பிசகியது என்று உங்களுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு, எந்த வடிவம்?

மென்பொருளுக்கு 'ரெஸ்டிக் வெர்ஷன்'. களஞ்சியத்துக்கு 'ரெஸ்டிக் கேட் கன்ஃபிக்'. இரண்டாவது கட்டளை நாலைந்து வரிகள் காட்டும். அதில் 'வெர்ஷன்' என்ற சொல்லுக்கு எதிரே 1 அல்லது 2 இருக்கும். அதுதான் வடிவ எண்.

வடிவம் 2-க்குப் போனால் எனக்கு என்ன லாபம்?

முக்கியமான லாபம் சுருக்கம். வடிவம் 1-இல் தரவு துண்டு துண்டாக்கப்படும், ஒரே துண்டு இரண்டு முறை சேமிக்கப்படாது, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கமும் நடக்கும். ஆனால் சுருக்கம் என்பதே கிடையாது. வடிவம் 2-இல் இசட்ஸ்டாண்டர்டு முறையில் சுருக்கிய பிறகுதான் குறியாக்கம் செய்கிறது.

எவ்வளவு இடம் மிச்சமாகும் என்பது உங்கள் கோப்புகளைப் பொறுத்தது. கணக்குக் கோப்புகள், தரவுத்தள ஏற்றுமதிகள், மின்னஞ்சல் பெட்டிகள், நிரல் மூலங்கள் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படங்கள், வீடியோக்கள், எம்பி3 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. குடும்பப் புகைப்படங்கள் மட்டுமே உள்ள களஞ்சியம் என்றால் அவசரப்பட வேண்டியதில்லை, வடிவம் 1-இலேயே இருக்கட்டும். அச்சகத்தின் கணக்கும் பக்க வடிவமைப்புக் கோப்புகளும் உள்ள களஞ்சியத்தை நான் உடனே மாற்றினேன்.

என் லினக்ஸில் பழைய பதிப்புதான் வருகிறது. புதியதை எப்படிப் பெறுவது?

டெபியன் 11-இன் மென்பொருள் தொகுப்பில் ரெஸ்டிக் 0.11, உபுண்டு 22.04-இல் 0.12.1, டெபியன் 12-இல் 0.14, உபுண்டு 24.04-இல் 0.16.4. முதல் இரண்டும் வடிவம் 2-ஐத் திறக்கவே மாட்டா. அவற்றில் இருப்பவர்கள் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து தயாரான கோப்பை இறக்கிக்கொள்ளலாம். கூடவே சரிபார்ப்புத் தொகைகளும் (கோப்பு மாறவில்லை என்று காட்டுபவை) ஜிபிஜி கையொப்பமும் (வெளியிட்டது திட்டம்தான் என்று காட்டும் மின்னணு முத்திரை) வெளியிடப்படுகின்றன. அவற்றைச் சரிபார்க்காமல் பேக்கப் மென்பொருளை நிறுவாதீர்கள். உங்கள் மொத்தக் கோப்புகளையும் படிக்கப்போகிற நிரல் அது.

ஒருமுறை அப்படி நிறுவிவிட்டால் அடுத்த முறையிலிருந்து 'ரெஸ்டிக் செல்ஃப்-அப்டேட்' போதும். கையொப்பத்தை அதுவே சரிபார்த்துக்கொள்ளும். லினக்ஸ் விநியோகங்கள் வழியாக வந்த பொதிகளில் இந்தக் கட்டளை பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும்.

டெர்மினலில் புதிய பதிப்பு என்று காட்டுகிறது. இரவு நேரப் பேக்கப் மட்டும் தோற்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியின் வலி எனக்கு நேரடியாகத் தெரியும். அச்சகத்தின் உபுண்டு 22.04 கணினியில் ஏற்கெனவே விநியோகத்தின் 0.12.1 இருந்தது. இறக்கிய புதிய கோப்பை யூஎஸ்ஆர் லோக்கல் பின் அடைவில் வைத்தேன். டெர்மினலில் 'ரெஸ்டிக் வெர்ஷன்' தட்டினால் புதிய எண் வந்தது. களஞ்சியத்தையும் அன்றே வடிவம் 2-க்கு மாற்றினேன். ஆனால் குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான், அவற்றைத் தேடும் பாதை வேறு: இயல்பாக யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு அடைவுகளை மட்டுமே பார்க்கும். ஆகவே இரவு இரண்டு மணிக்கு ஓடியது பழைய 0.12.1. அது வடிவம் 2-ஐப் பார்த்ததும் 'இந்தக் களஞ்சியப் பதிப்பை ஆதரிக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. ஒவ்வோர் இரவும் அதே வரி. பதினோராம் நாள் பதிவுக் கோப்பைத் திறந்தபோது, கீழிருந்து மேல்வரை தேதி மட்டும் மாறி அதே வரி அடுக்கடுக்காக நின்றது. அந்தப் பதினோரு நாளில் ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் அச்சகத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

தீர்வு எளிது. பழைய பொதியை நீக்கிவிடுங்கள். பேக்கப்பை ஓட்டும் ஸ்கிரிப்ட்டில் ரெஸ்டிக்கின் முழுப் பாதையையும் எழுதுங்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே 'ரெஸ்டிக் வெர்ஷன்' ஓடிப் பதிவுக் கோப்பில் விழும்படி செய்துவிடுங்கள். அந்தப் பதிவில் புதிய எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டுமே வடிவ மாற்றத்தைத் தொடுங்கள். ஒரே களஞ்சியத்தைப் பல கணினிகள் பயன்படுத்தினால், ஒவ்வொன்றும் 0.14 அல்லது அதற்கு மேல் இருப்பதை இப்படியே உறுதிசெய்யுங்கள். ஒரு கணினி பின்தங்கினாலும் அதன் பேக்கப் அன்றோடு நின்றுபோகும்.

அமைப்புக் கோப்பை எங்கே நகலெடுப்பது?

ரெஸ்டிக்குக்குத் தனியாக ஓர் அமைப்புக் கோப்பு இல்லை. களஞ்சியத்துக்குள் 'கன்ஃபிக்' என்ற பெயரில் இருப்பது களஞ்சியத்தின் சொந்தச் சொத்து. அதைக் கையால் தொடவே கூடாது. நம் அமைப்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும்: களஞ்சிய முகவரியையும் கடவுச்சொல் கோப்பின் இடத்தையும் சொல்லும் சூழல் மாறிகள், விலக்க வேண்டியவற்றின் பட்டியல், கிரான் வரி அல்லது சிஸ்டம்டி டைமர், மேகச் சேமிப்பின் அணுகு சாவிகள், எஸ்எஃப்டிபி என்றால் எஸ்எஸ்எச் சாவியும் அதன் அமைப்பும், ஆர்குளோன் வழியாகப் போகிறவர்களுக்கு அதன் அமைப்புக் கோப்பு.

பழைய கணினியில் உட்கார்ந்து இவற்றை ஒரே அடைவில் திரட்டுங்கள். கடவுச்சொல் கோப்பு உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு இருக்கட்டும். வேகத்துக்காக ரெஸ்டிக் வைத்துக்கொள்ளும் கேஷ் அடைவைக் கொண்டுபோக வேண்டாம். புதிய கணினியில் அது தானாகவே உருவாகும். பழைய கேஷ் மிச்சங்களை 'ரெஸ்டிக் கேஷ்' கட்டளையின் 'கிளீனப்' விருப்பம் துடைத்துவிடும்.

ஒன்று சொல்லவேண்டும்: இந்த அடைவு பேக்கப்புக்குள் மட்டும் இருந்தால் பயனில்லை. பெட்டிக்குள் பெட்டியின் சாவியை வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

என் பழைய ஸ்கிரிப்ட் அப்படியே ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். மூன்று இடங்களை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

'காப்பி' கட்டளை. ஒரு களஞ்சியத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பது இது. முன்பு 'ரெப்போ' என்பது மூலக் களஞ்சியம், 'ரெப்போ2' என்பது சேருமிடம். 0.14-இல் 'ஃப்ரம்-ரெப்போ' வந்தபோது திசை மாறிவிட்டது: 'ஃப்ரம்-ரெப்போ' மூலம், 'ரெப்போ' சேருமிடம். பழைய ஸ்கிரிப்ட்டில் சொல்லை மட்டும் தேடி மாற்றினால் நகல் எதிர்த் திசையில் போகும். இரண்டு முகவரிகளையும் இடம் மாற்றி எழுதுங்கள்.

'ரீபில்ட்-இண்டெக்ஸ்' கட்டளைக்கு 0.16 முதல் 'ரிப்பேர் இண்டெக்ஸ்' என்று பெயர்.

மூன்றாவது, வெளியேறும் குறியீடுகள். 0 என்றால் வெற்றி. 1 என்றால் பெரும்பிழை. 3 என்றால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை, ஆனாலும் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்துப் பேக்கப்பின் பதிவு) உருவாகிவிட்டது. 0.17 முதல், களஞ்சியமே இல்லை என்றால் 10, பூட்டு கிடைக்கவில்லை என்றால் 11, 0.17.1 முதல் கடவுச்சொல் தவறு என்றால் 12. முன்பு இவை எல்லாம் 1 என்றே வந்தன. 'தோற்றால் புதிதாக இனிட் செய்' (அதாவது புதுக் களஞ்சியம் உருவாக்கு) என்று எழுதிய ஸ்கிரிப்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இணையம் ஒரு நிமிடம் அறுந்தாலும் களஞ்சியம் இல்லை என்று அவை முடிவுகட்டிவிடும். இனிமேல் 'குறியீடு 10 வந்தால் மட்டும் இனிட்' என்று திருத்தி எழுதலாம். அதுவே நாணயமான வழி.

சரி, வடிவ மாற்றத்தை எப்படிச் செய்வது?

முதலில் எல்லாக் கணினிகளின் கிரானையும் நிறுத்துங்கள். மாற்றம் நடக்கும்போது ரெஸ்டிக் களஞ்சியத்தைத் தனக்கே என்று பூட்டிக்கொள்ளும். வேறொரு பேக்கப் நடுவில் ஓடினால் தொடங்கவே தொடங்காது.

அடுத்து 'ரெஸ்டிக் செக்'. மாற்றக் கட்டளை தானே ஒரு சோதனையை நடத்தும் என்பது உண்மை. பிழை இருந்தால் மேலே போகாமல் நின்றும்விடும். ஆனால் அந்தச் சோதனை களஞ்சியத்தின் கட்டமைப்பைத்தான் பார்க்கிறது, தரவுப் பொதிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. ஆகையால் முன்கூட்டியே 'ரீட்-டேட்டா' விருப்பத்தோடு ஒருமுறை முழுமையாகச் சோதியுங்கள். களஞ்சியம் பெரிதென்றால் 'ரீட்-டேட்டா-சப்செட்' விருப்பத்துக்கு 1/7, 2/7 என்று கொடுத்துக்கொண்டே போனால் ஏழு நாளில் முழுவதும் படித்து முடித்துவிடும்.

சோதனை சுத்தமாக முடிந்ததும் 'ரெஸ்டிக் மைக்ரேட்' என்று மட்டும் தட்டுங்கள். எதையும் மாற்றாமல், உங்கள் களஞ்சியத்துக்குப் பொருந்தும் மாற்றங்களின் பெயரைத் திரையில் காட்டும். வடிவம் 2-க்கான பெயர் அங்கே இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து அதே கட்டளையின் பின்னால் ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் 'கேட் கன்ஃபிக்' காட்டும் எண் 2 ஆகியிருக்க வேண்டும்.

களஞ்சியம், சேர்த்தல்-மட்டும் முறையில் (புதியதைச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது) இயங்கும் ரெஸ்ட் சர்வர் என்ற சேமிப்புச் சர்வரில் இருந்தால் இந்தப் படி தோற்கும், ஏனென்றால் பழைய கன்ஃபிக் கோப்பை அகற்றிப் புதியதை எழுத வேண்டியிருக்கிறது. சர்வரில் அந்தக் கட்டுப்பாட்டைச் சற்று நேரம் தளர்த்தி, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால்?

கன்ஃபிக் கோப்பை மாற்றி எழுதும் அந்தச் சிறு கணம்தான் ஆபத்தானது. ரெஸ்டிக் அதற்கு முன் பழைய கன்ஃபிக்கை உங்கள் கணினியின் தற்காலிக அடைவில் பத்திரப்படுத்துகிறது. பதிவேற்றம் தோற்றால் பழையதைத் திரும்ப வைக்கவும் முயல்கிறது. அதுவும் முடியாமல் போனால் பிரதி எங்கே இருக்கிறது என்று பிழைச் செய்தியில் சொல்லும். ஆனால் மின்சாரமே போய்விட்டால் செய்தி சொல்ல ஆள் இல்லை. பல கணினிகளில் மறுதொடக்கத்தின்போது தற்காலிக அடைவு துடைக்கப்பட்டுவிடும். எனவே நீங்களாகவே களஞ்சியத்தின் 'கன்ஃபிக்' கோப்பையும் 'கீஸ்' அடைவையும் முன்கூட்டி வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இரண்டும் சேர்ந்து சில கிலோபைட்டுகள்தான். யூபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாற்றிவிட்டேன். இடம் ஒன்றும் குறையவில்லையே?

குறையாது. மாற்றத்துக்குப் பிறகு எடுக்கும் பேக்கப்தான் சுருங்கும். ஏற்கெனவே உள்ள பொதிகள் இருந்தபடியே இருக்கும். முதலில், தேவையற்ற தரவை நீக்கும் 'ப்ரூன்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், அடைவு விவரங்கள் சுருங்கும். கோப்புகளின் உள்ளடக்கமும் சுருங்க வேண்டும் என்றால் 'ப்ரூன்' கட்டளைக்கு 'ரீபேக்-அன்கம்ப்ரெஸ்ட்' விருப்பம் வேண்டும்.

இரண்டாவதைச் சட்டென்று ஓட்டிவிடாதீர்கள். அது சுருக்கப்படாத பொதிகள் எல்லாவற்றையும் படித்து, சுருக்கிப் புதிதாக எழுதி, கடைசியில்தான் பழையவற்றை அழிக்கும். பழையதும் புதியதும் சேர்ந்து கிடக்கும் நேரத்தில் டிஸ்க் நிரம்பிவிடலாம். மேகச் சேமிப்பு என்றால் மொத்தத்தையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இறக்குவதற்குக் கட்டணம் வாங்கும் சேவையாக இருந்தால் அந்த மாதப் பட்டியல் கனக்கும். 'மேக்ஸ்-ரீபேக்-சைஸ்' விருப்பத்துக்கு 20 ஜி என்று கொடுத்தால் ஒரு முறைக்கு அவ்வளவுதான் தொடும். அச்சகக் களஞ்சியத்தை நான் இப்படி இரவுக்கு இரவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடித்தேன்.

சுருக்கத்தை 'மேக்ஸ்' என்று வைக்கலாமா?

'ஆட்டோ' போதும் என்பதே என் கருத்து. மேக்ஸ் வைத்தால் செயலி அதிகம் உழைக்கும், கிடைக்கும் கூடுதல் இடம் சொற்பம்.

ஆனால் வேறொரு காரணத்துக்காக இந்தக் கேள்வி முக்கியம். 2024 தொடக்கத்தில் வந்த 0.16.3 பதிப்பில், மேக்ஸ் சுருக்கத்தோடு எடுத்த பேக்கப், சுருக்க நூலகத்தில் இருந்த பிழையால் அரிதான சூழலில் தரவைச் சேதப்படுத்தக்கூடும் என்று தெரியவந்தது. அடுத்து வந்த 0.16.4 அதைச் சரிசெய்தது. 0.16.1, 0.16.2 இரண்டிலும் இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் 0.16.3-ஐ மேக்ஸ் சுருக்கத்தோடு பயன்படுத்தியிருந்தால் 'செக்' கட்டளையை 'ரீட்-டேட்டா'வோடு இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.

'களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கிறது' என்று வருகிறது.

வேறு ஏதாவது ரெஸ்டிக் ஓடுகிறதா என்று எல்லாக் கணினிகளிலும் பாருங்கள். ஓடவில்லை என்றால், முன்பு பாதியில் நின்ற ஒன்றின் மிச்சம் அது. பூட்டை இயங்கும் நிரல் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். 30 நிமிடம் புதுப்பிக்கப்படாத பூட்டு செத்த பூட்டு. 'ரெஸ்டிக் அன்லாக்' அதை மட்டும் அகற்றும். எல்லாப் பூட்டையும் அகற்றும் விருப்பமும் உண்டு. எங்கும் எதுவும் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

இருந்த இடத்திலேயே மாற்றாமல், புதிய டிஸ்க்கில் புதிய களஞ்சியமாக எடுக்கலாமா?

தாராளமாக. இடம் இருந்தால் நானும் இதையே விரும்புவேன். பழையது துளியும் கலையாமல் ஒதுங்கி நிற்கும். புதிய டிஸ்க்கில் 'இனிட்' செய்து, 'காப்பி' கட்டளையால் ஸ்நாப்ஷாட்டுகளைக் கொண்டுவாருங்கள்.

இனிட் செய்யும்போது 'காப்பி-சங்க்கர்-பேரம்ஸ்' விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். ரெஸ்டிக் கோப்புகளை 512 கிலோபைட் முதல் 8 மெகாபைட் வரையான துண்டுகளாக வெட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமும், களஞ்சியம் தோறும் வேறுபடும் ஒரு கணித எண்ணும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டு களஞ்சியங்களின் எண்ணும் வேறாக இருந்தால், ஒரே கோப்பு இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் வெட்டுப்படும். நகலெடுத்து வந்த பழைய துண்டுகளும் அடுத்த பேக்கப்பில் வரும் துண்டுகளும் பொருந்தாமல், அதே கோப்பு இரண்டு முறை இடம் பிடிக்கும். இனிட் முடிந்த பிறகு இதைத் திருத்த வழியில்லை.

கணினியே புதிது, அதன் பெயரும் மாறிவிட்டது. ஏதாவது சிக்கல் வருமா?

வரும், ஆனால் சத்தமில்லாமல் வரும். முந்தைய ஸ்நாப்ஷாட் எது என்பதைக் கணினிப் பெயரையும் பாதைகளையும் வைத்துத்தான் ரெஸ்டிக் தேடுகிறது. பெயர் மாறினால் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து படிக்கும். ஒரே துண்டு இரண்டு முறை சேமிக்கப்படாது என்பதால் இடம் வீணாகாது, நேரம்தான் போகும். பழைய ஸ்நாப்ஷாட்டுகளைக் கழிக்கும் 'ஃபர்கெட்' கட்டளையும் இதே அடிப்படையில்தான் ஸ்நாப்ஷாட்டுகளைக் குழு பிரிக்கிறது. 'அன்றாடம் ஏழு வை' என்று சொல்லியிருந்தால், பழைய பெயரில் உள்ள கடைசி ஏழும் புதியவற்றோடு சேராமல் தனியாக நின்றுகொண்டே இருக்கும். பேக்கப் எடுக்கும்போது 'ஹோஸ்ட்' விருப்பத்தில் பழைய பெயரையே கொடுத்துவிடுவது எளிய வழி.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு ஏதாவது ஆகுமா?

பதிப்பு உயர்வாலும் வடிவ மாற்றத்தாலும் ஒன்றும் ஆகாது. சிக்கல் வருவது இயங்குதளம் மாறும்போது.

யூனிகோடில் 'ோ' என்ற ஒற்றைக் குறியையும், 'ே', 'ா' என்ற இரண்டு குறிகளையும் அடுத்தடுத்து வைத்து எழுதுவதையும் கண்ணால் வேறுபடுத்த முடியாது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த 'கோவில்' என்ற அடைவும், லினக்ஸில் நீங்கள் தட்டிய 'கோவில்' என்ற அடைவும் பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. விலக்குப் பட்டியலில் எழுதிய பெயர் பொருந்தாமல் போனால் இதைச் சந்தேகியுங்கள். பட்டியலில் பெயரைத் தட்டாமல், கோப்பு மேலாளரிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

இன்னொன்று நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 85 குறிகள்தான். 'கி' என்பதே இரண்டு குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறிகள்வரை இடம் தரும். நிகழ்ச்சியின் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் சேர்த்து விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த கோப்பு, லினக்ஸில் மீட்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று தோற்கும். அத்தகையவற்றை விண்டோஸ் கணினியிலேயே மீட்டு, பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய எஸ்3 களஞ்சியம் வைத்திருக்கிறேன்.

0.7-க்கு முந்தைய ரெஸ்டிக், எஸ்3 என்ற அமேசான் மேகச் சேமிப்பில் வேறோர் அடுக்குமுறையைப் பயன்படுத்தியது. 0.17 அதைக் கைவிடப்படுவதாக அறிவித்தது, 0.18-இல் அதைத் திறக்கும் வழியே அடைக்கப்பட்டது. 0.16 வரையிலான ஒரு பதிப்பில் 'மைக்ரேட்' கட்டளையால் அடுக்குமுறையை முதலில் மாற்றிவிட்டு, பிறகு மேலே வாருங்கள்.

போர்க் அல்லது டுப்ளிசிட்டியில் இருந்து தரவை நேரடியாக மாற்ற முடியுமா?

முடியாது. அவை வேறு பேக்கப் கருவிகள். பழைய கருவியால் மீட்டு, ரெஸ்டிக்கால் மறுபடி பேக்கப் எடுக்க வேண்டும். 'டைம்' விருப்பத்தால் ஸ்நாப்ஷாட்டுக்குப் பழைய தேதியைக் கொடுக்கலாம். எல்லா வரலாற்றையும் இழுத்து வருவது பெரும்பாட்டு வேலை. பழைய களஞ்சியத்தை ஓராண்டு அப்படியே வைத்திருப்பது நல்லது.

வடிவம் 1-க்குத் திரும்ப வேண்டுமானால்?

இருந்த இடத்திலேயே திரும்ப முடியாது. வடிவ எண் 1 என்று சொல்லிப் புதிய களஞ்சியம் ஒன்றை 'இனிட்' செய்து, அதற்குள் 'காப்பி' செய்யலாம்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று எப்போது நம்பலாம்?

ஒரு கோப்பை மீட்டு, அதை உரிய மென்பொருளில் திறந்து, கண்ணால் பார்த்த பிறகு.

அச்சகக் களஞ்சியத்தை மாற்றி முடித்ததும், 2009-ஆம் ஆண்டுக் கோவில் விழா அழைப்பிதழ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேக்கப் எடுத்த கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில், காலி அடைவில் மீட்டேன். மூலக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையும் மீட்டதன் தொகையும் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தன. ரெஸ்டிக் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்திருந்தது. கோப்பைத் திறந்தேன். சுவாமி படம் இருந்தது, கரைக்கட்டு இருந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கொக்கிகளும் புள்ளிகளும் வரிசையாக நின்றன. அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய முறையில் தட்டப்பட்டது. பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் ஒன்று இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். எழுத்துருக்கள் இருந்த அடைவோ, 'மென்பொருள்தானே, மறுபடி நிறுவிக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தில் விலக்குப் பட்டியலில் இருந்தது. அந்த எழுத்துருக்களில் சில இன்று எங்கும் கிடைக்காதவை. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்ததால் தப்பித்தோம்.

அன்றே விலக்குப் பட்டியலில் இருந்து அந்த ஒரு வரியை நீக்கி, எழுத்துரு அடைவையும் சேர்த்துப் பேக்கப் எடுத்து, அதே அழைப்பிதழை மறுபடி மீட்டுப் பார்த்தேன். இம்முறை 'கும்பாபிஷேகப் பத்திரிகை' என்று தலைப்பு தமிழில் வந்தது. அதன் பிறகுதான் பழைய களஞ்சியத்தின் நகலை அழித்தேன்.